பரண்

எங்க வீட்டுல ஒரு பரண் உண்டு. ஓட்டுக்குக் கீழே நாலு மூங்கில் கழி, அதுக்கு மேலே பனைமட்டைத் தட்டி. விறகு, ஓட்டைப் போணி, நான் எம்.ஏ. தமிழ் படித்த நோட்டுகள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். இங்கிலீஷில் அதற்குப் பேர் லாஃப்ட். அந்த லாஃப்டைக் கோடிக்கணக்கில் விற்கிறார்கள் என்பதை மும்பை லோயர் பரேலில்தான் பார்த்தேன்.

சங்கரன்கோவிலில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவள் நான். எங்க தெருவில் தறி கிடையாது, சத்தம் மட்டும் வரும். திருநெல்வேலிச் சீமைச் சனம் பஞ்சத்துக்கும் சாதிக்கும் பயந்து ரயிலேறிய ஊர் தாராவி. எங்க சித்தப்பாவும் 1994-இல் அப்படித்தான் போனார். கீழே தோல் பை தைக்கிற பட்டறை. அதுக்கு மேலே தகரம் போட்ட மாளா. வெளியே செங்குத்தா ஒரு இரும்பு ஏணி. பள்ளிக்கூட லீவில் நான் போனபோது அந்த மாளாவுக்குள் ஆறு பேர் படுத்தோம். நிமிர்ந்து நிற்க முடியாது, உட்கார்ந்தபடியேதான் பாவாடை மாத்தணும். ராத்திரி ஒண்ணுக்கு வந்தால் அந்த ஏணியில் இறங்கி, பட்டறை ஆம்பளைகள் படுத்திருக்கிற சந்தைத் தாண்டிப் போகணும். அதுக்குப் பயந்து சித்தி பொழுது சாய்ஞ்சா தண்ணி குடிக்கமாட்டா. எனக்கும் அதையே சொல்லித் தந்தா.

போன வருஷம் மறுபடி போனேன். சித்தப்பா மகன் ஏசி மாட்டுகிற வேலை பார்க்கிறான். “அக்கா, நான் மாட்டின வீட்டைப் பாக்கியா?” என்று லோயர் பரேலுக்குக் கூட்டிப்போனான். பழைய மில் நிலத்தில் எழும்பிய கோபுரம். மாதிரி வீட்டில் கூரை இரண்டு ஆள் உயரம், பாதியில் மரப்படி ஏறினால் படுக்கும் மேடை. அதுதான் லாஃப்ட். ஒரு சுவரைப் பூசாமல் செங்கல் தெரிய விட்டிருந்தார்கள், மில் காலத்து அழகாம். எங்க வீட்டுச் சுவரும் அப்படித்தான் நிக்குது, சிமெண்டுக்குக் காசில்லாம.

விற்பனைக்கு நின்ற பெண் பேர் கேட்டாள். சொன்னேன். “சர்நேம்?” அப்பா பேரைச் சொன்னேன். அது சர்நேம் இல்லையே என்று சிரித்தாள். அடுத்து, நீங்க வெஜிடேரியனா என்றாள். வாங்க வக்கில்லாதவள் என்பது என் செருப்பைப் பார்த்தாலே தெரியும். ஆனாலும் அந்த ரெண்டு கேள்வியும் வந்துதான் தீர்ந்தது.

அந்த மில்களின் கதையை நம்ம தோழர்கள் 1982-இலிருந்துதான் தொடங்குவார்கள். தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தம், அதன்பின் மூடிய மில்கள். 1991 விதி, நிலத்தை மூன்றாகப் பங்கிட்டு நகரத்துக்கு ஒரு பங்கு, வீட்டுவசதிக்கு ஒரு பங்கு என்றது. 2001-இல், கட்டிடம் இல்லாத வெற்று நிலத்துக்கு மட்டுமே அந்தப் பங்கு என்று திருத்தினார்கள். 2006-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சரி என்றது. ஃபீனிக்ஸ் மில் மாலாகிவிட்டது. எல்லாம் சரிதான்.

ஆனால் 1928 வேலைநிறுத்தத்தை யார் பேசுகிறார்கள்? கூலி அதிகமான நெசவுப் பிரிவில் அப்போது நம்ம சனத்துக்கு இடமில்லை. தார் மாற்றும்போது நூலை வாயால் உறிஞ்சி நாடாத் துளை வழியாக இழுக்கணும். தீண்டத்தகாதவன் வாய் பட்ட நாடாவில் நாங்க வாய் வைப்பதா என்றார்கள் கூட நின்ற தொழிலாளிகள். முதலாளியோடு அவர்களையும் சேர்த்துத்தான் அம்பேத்கர் கேள்வி கேட்டார். அந்த எச்சிலைக் கழுவாமலேதான் மேலே லாஃப்ட் கட்டியிருக்கிறார்கள்.

இப்போ தாராவிக்கும் திட்டம் வந்துவிட்டது. 2022-இல் அதானி குழுமம் ஏலத்தில் எடுத்தது. 1-1-2000-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருந்தால் அங்கேயே 350 சதுர அடி இலவசம். மேல்தளத்துக்காரர்களுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, அதுவும் தவணை கட்டி. முப்பது வருஷமா பரணில் இருந்தவருக்கு அந்தப் பரணே குற்றமாகிவிட்டது.

ராத்திரி சித்தப்பா என் பையிலிருந்த வழவழப்பான தாளை எடுத்துப் பார்த்தார்.

“என்னட்டி இது?”

“பரண் சித்தப்பா. கோடிக்கு விக்காங்க.”

“பரணா?” தகரத்தில் தலை இடிக்காமல் குனிந்துகொண்டே படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். “நம்மளத மேல்தளம்னு குறிச்சிட்டுப் போனானே அந்தத் தம்பி. லாஃப்டுன்னு எழுதச் சொல்லியிருக்கணுமோ?”

சித்தி சிரிக்கவில்லை. ரேஷன் கார்டு, கரண்டு பில், பழைய வாடகைச் சீட்டு எல்லாவற்றையும் அதே தாளில் பொதிந்து தகரப் பெட்டிக்குள் வைத்தாள். நாளைக்கு மறுபடி ஆபீசுக்குப் போகணும்.