முன்னாடியா, பின்னாடியா?

அப்பாவின் காதைக் கெடுத்தது தறிச் சத்தம். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் 34 வருடம் விசைத்தறி ஓட்டினார். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணிதான் அவர் நெய்தது. தறிக்கூடத்தில் பக்கத்துத் தறிக்காரர் கத்தினாலும் காதில் விழாது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. வேலையை விட்டு வந்தபோது பாதிக் காது போயிருந்தது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் மட்டும் கூடவே வந்தது.

2020 ஆகஸ்டில், கொரோனா காலத்தில், மூட்டு வலிக்காக அவரை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். நோயாளி மட்டும் உள்ளே போகலாம் என்றார்கள். மருத்துவர் என்95 மாஸ்க் போட்டு, அதற்கு மேல் பிளாஸ்டிக் தடுப்பும் மாட்டியிருந்தார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். ஐந்தாவது நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பாட்டுக்குப் பின்னாடி போட வேண்டிய வலி மாத்திரையைத் தினமும் வெறும் வயிற்றில் போட்டிருக்கிறார்.

“முன்னாடின்னுதான் சொன்னாரு பாப்பா. வாயி தெரியல.”

கண்ணாடி முன் நின்று இரண்டு சொல்லையும் சொல்லிப் பார்த்தேன். முன் என்றால் உதடு குவிகிறது. பின் என்றால் விரிகிறது. அந்த ஓர் அசைவுதான் அப்பாவுக்கு அகராதி. அதை ஒரு துணி மூடிவிட்டது. நோயைத் தடுக்கும் அந்தத் துணியின் மேல் எனக்குக் கோபம் வரக்கூடாது, ஆனாலும் வந்தது. இதை முதலில் யார், எதற்காக முகத்தில் கட்டினார்கள் என்ற தேடல் அன்று இரவு தொடங்கியது.

முதலில் எனக்குக் கிடைத்தது தவறான வழி. 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் பிளேக் மருத்துவர்கள் பறவை அலகு போன்ற முகமூடி அணிந்தார்கள். அலகுக்குள் வாசனை மூலிகைகளை அடைத்துக்கொண்டார்கள். கெட்ட நாற்றம்தான் நோயைக் கொண்டுவருகிறது என்று நம்பிய காலம் அது. நம் மாஸ்க்குக்கு இது முன்னோர் இல்லை. கிருமி என்ற ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் இன்றைய மாஸ்க் பிறந்திருக்க முடியும்.

அந்தப் பிறப்பு 1897இல். அன்று ஜெர்மனியில் இருந்த, இன்று போலந்தில் இருக்கும் பிரெஸ்லாவ் நகரில் கார்ல் ஃபிளூகே என்ற ஆய்வாளர், பேசும்போது வாயிலிருந்து தெறிக்கும் நுண்துளிகளில் உயிருள்ள கிருமிகள் இருப்பதைக் காட்டினார். அதே ஊரின் அறுவை மருத்துவர் யோகான் மிக்குலிச் தன் வாயை ஒரு மெல்லிய காஸ் துணியால் மூடிக்கொண்டு அறுவை செய்யத் தொடங்கினார். அதே வருடம் பாரிஸில் பால் பெர்ஜே ஆறு மடிப்புக் காஸ் துணியைக் கட்டிக்கொண்டார்.

காஸ் என்ற சொல்லைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது அப்பா நெய்த துணி.

இன்னொன்றும் புரிந்தது. அந்த மருத்துவர்கள் தங்களைக் காத்துக்கொள்ள மாஸ்க் கட்டவில்லை. மேஜையில் மயங்கிக் கிடக்கும் நோயாளியின் திறந்த காயத்தில் தங்கள் எச்சில் துளி விழக்கூடாது என்பதற்காகக் கட்டினார்கள். சமணத் துறவிகளில் சில பிரிவினர் வாயில் வெள்ளைத் துணி கட்டுவதும் நினைவுக்கு வந்தது. தம் மூச்சால் ஒரு சிற்றுயிருக்கும் தீங்கு வரக்கூடாது என்பது அவர்கள் நோன்பு. கிருமியை அறியாத அறமும் கிருமியை அறிந்த அறிவியலும் ஒரே துணியை எடுத்திருக்கின்றன, இரண்டுமே அடுத்த உயிருக்காக.

அணிபவரையும் காக்கும் கவசமாக அதைப் பெரிய அளவில் மாற்றியவரைத் தேடிப் போனால், வழி பினாங்கில் போய் நின்றது. தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் அந்தத் தீவில் 1879இல் ஒரு சீனக் குடும்பத்தில் பிறந்தவர் வூ லியென் தே. கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தவர். 1910 டிசம்பரில் சீன அரசு அவரை மஞ்சூரியாவின் ஹார்பினுக்கு அனுப்பியது. அங்கே கொத்துக் கொத்தாக மக்கள் இரத்தம் கக்கிச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

பிளேக் என்றால் எலி, எலி என்றால் தெள்ளுப்பூச்சி என்பதுதான் அன்றைய பாடம். வூ ஒரு பிணத்தை ரகசியமாக அறுத்துப் பார்த்தார். பிளேக் கிருமி நுரையீரலில் இருந்தது. இது மூச்சு வழியே மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்றார். உடனே எல்லாரையும் மாஸ்க் கட்டச் சொன்னார். அதன் அளவுகளை எழுதியும் வைத்திருக்கிறார்: 9 அங்குல அகலமுள்ள காஸ் துணியில் 3 அடி வெட்டி, நீளவாக்கில் மடித்து, நடுவே 6க்கு 4 அங்குலப் பஞ்சு வைத்து, இரு முனைகளையும் கிழித்துக் கட்டும் வார்களாக்க வேண்டும். எந்த ஊரிலும், யார் கையாலும் செய்யக்கூடியது.

பிரெஞ்சு மருத்துவர் ஜெரால்ட் மெஸ்னி இதை ஏற்கவில்லை. வூவைவிட மூத்தவர், அனுபவசாலி. மாஸ்க் இல்லாமல் பிளேக் நோயாளிகளைப் பரிசோதித்தார். சில நாட்களில் அதே நோயில் இறந்தார். அதன் பிறகு ஹார்பினில் மாஸ்க் இல்லாத முகத்தைப் பார்ப்பது அரிதாயிற்று. சுமார் 60,000 பேரைக் கொன்ற அந்தக் கொள்ளைநோய் 1911 வசந்தத்துக்குள் அடங்கியது. தனிமைப்படுத்தல், பயணத் தடை, உறைந்த மண்ணில் புதைக்க முடியாமல் கிடந்த 2,000க்கும் மேற்பட்ட உடல்களை எரித்தது எல்லாம் சேர்ந்துதான் அடக்கின. மாஸ்க் அவற்றில் ஒன்று.

ஹார்பின் படம் ஒன்றை அப்பாவிடம் காட்டினேன். போனை வாங்கி, விரலால் பெரிதாக்கி, முகங்களை விட்டுவிட்டுத் துணியைப் பார்த்தார்.

“இது நம்ம துணில்ல?”

“ஆமாப்பா. காஸ்.”

“பாவும் ஊடையும் எடவெளி விட்டு நெய்யிற துணி. காத்து போறதுக்குத்தான் அப்பிடி. ஒத்தைத் துணி எதையும் நிப்பாட்டாது. மடிச்சாத்தான் உண்டு.”

பெர்ஜேயின் ஆறு மடிப்புக்கும் வூவின் பஞ்சுக்கும் காரணம் ஒரு நெசவாளியின் வாயிலிருந்து வந்தது.

இன்று நாம் போடும் சர்ஜிக்கல் மாஸ்க்கின் நடு அடுக்கு தறியில் ஏறுவதே இல்லை என்று சொன்னேன். பிளாஸ்டிக்கை உருக்கி, சூடான காற்றால் நுண்ணிழைகளாக ஊதிப் படிய வைக்கிறார்கள். என்95இன் வடிகட்டி அடுக்குக்கு மின்னூட்டமும் ஏற்றுகிறார்கள். தலைசீவிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதுபோல அந்த இழைகள் துகள்களை இழுத்துப் பிடிக்கும். தைவானில் பிறந்து அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பீட்டர் சாய் இந்த மின்னூட்ட முறையில் பெரும் பங்காற்றியவர். “நெய்யாத துணியா!” என்று அப்பா வெகுநேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, இது உடலை என்ன செய்கிறது? மூச்சு முட்டும், கரியமில வாயு உள்ளேயே தங்கி விஷமாகும் என்று எங்கள் தெருவில் பலர் பயந்தார்கள். அந்த வாயுவின் மூலக்கூறு மாஸ்க்கின் இழைச் சந்துகளைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியது, தாராளமாக வெளியேறும். ஆரோக்கியமானவருக்கு இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்துவிடாது. ஆனால் மணிக்கணக்கில் என்95 போட்ட செவிலியர்களுக்கு மூக்குத்தண்டில் புண், கன்னத்தில் பரு, தலைவலி எல்லாம் வந்தன. அவை கற்பனை இல்லை.

பயன் எவ்வளவு என்று பார்த்தேன். வங்கதேசத்தில் 600 கிராமங்களில் சுமார் 3.4 லட்சம் பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. மாஸ்க்கை இலவசமாகக் கொடுத்து, போடச் சொல்லி நினைவூட்டியதும், சரியாக அணிபவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமானார்கள். சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறிகுறியுள்ள கொரோனா சுமார் 11 சதவீதம் குறைந்தது. அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் சுமார் 35 சதவீதம். துணி மாஸ்க்கின் பயன் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. பாதிக்கும் குறைவானவர்கள் போட்டதிலேயே முதியவர்களுக்கு இவ்வளவு பலன். அப்பா வயதுக்காரர்கள் அவர்கள்.

அதே அப்பா வயதுக்காரர்கள்தான் பேச்சையும் இழந்தார்கள். சாதாரண மாஸ்க் குரலின் உயர் அதிர்வெண் ஒலிகளை 3 முதல் 4 டெசிபல் குறைக்கிறது. என்95 ஏறத்தாழ 12 டெசிபல். ச், த், க் போன்ற மெய்களைப் பிரித்தறிய உதவும் ஒலிகள் அந்த அதிர்வெண்களில்தான் இருக்கின்றன. காதும் மங்கி உதடும் மறைந்தால் மனிதர் தலையாட்டத்தான் செய்வார். அந்த வருடம் அப்பா கடைக்குப் போவதை நிறுத்தினார், பிறகு தெருமுனைத் திண்ணையை. ‘வயசாயிடுச்சு’ என்று நாங்கள் நினைத்தோம்.

தேடலின் முடிவில் எனக்கு மாஸ்க் மேல் கோபம் இல்லை. அது இரண்டு பேருக்கு நடுவில் கட்டப்படும் துணி. கட்டுபவர், எதிரில் இருப்பவரின் உடம்பை நினைத்துக் கட்டுகிறார். அவர் காதையும் நினைத்திருந்தால் போதும். ஒரு துண்டுச் சீட்டில் ‘சாப்பிட்ட பின்’ என்று தெளிவாக எழுதலாம். உடன் வந்தவரை உள்ளே விடலாம். சன்னலோரம் தள்ளி நின்று, ஒரு நிமிடம் மாஸ்க்கை இறக்கிச் சொல்லலாம். வாய்ப்பகுதி தெளிவாகத் தெரியும் மாஸ்க்குகளும் இருக்கின்றன. இப்போது மருத்துவரிடம் போகும்போதெல்லாம் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுபோகிறேன். நோட்டை நீட்டினால் எழுதித் தராத மருத்துவரை இதுவரை நான் பார்க்கவில்லை.

போன மாதம் என் தங்கை கைக்குழந்தையோடு வீட்டுக்கு வந்தாள். அப்பாவுக்கு இரண்டு நாளாகச் சளி, இருமல். யாரும் சொல்லவில்லை, அவரே அலமாரியைத் திறந்து ஒரு மாஸ்க்கை எடுத்தார். காதில் மாட்டப் போனவர் நின்றார்.

“பொறு. பேச வேண்டியதை முதல்ல பேசிடுறேன்” என்று வாசற்படியில் தள்ளி நின்றபடியே தங்கையிடம் நலம் விசாரித்தார். அவள் பதில் சொல்லும் உதட்டை ஒன்றும் விடாமல் பார்த்தார். குழந்தையை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம் மாஸ்க்கை மாட்டி, மூக்கின் மேல் கம்பியை அழுத்திவிட்டு, குழந்தையைப் பார்க்க உள்ளே வந்தார்.