ஈயம் அளந்த காலை

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஃபிரண்ட்ஷிப் என்றொரு சிற்றூர். ஊர்ப் பெயரே நட்பு! செப்டம்பர் விடிகாலை. லாஃப்ரி ஓடைமேல் பனி படுத்துக் கிடக்கிறது. ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்தியும் குளிர் விடவில்லை. அந்தப் பனிக்குள்ளிருந்து 'டும்' என்று ஒரு வேட்டு. பின்னாலேயே வெண்புகை, கந்தக நெடி. கண்ணை மூடினால் எங்கள் தெருவின் தீபாவளி!

குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்காரர்களின் தேசியச் சங்கம் 1933-இல் தொடங்கியது. ஜூனிலும் செப்டம்பரிலும் இங்குள்ள வால்டர் கிளைன் திடலில்தான் போட்டி. மான்தோல் சட்டை, துணிக் கூடாரம், விறகடுப்பில் காப்பி. அவர்கள் தோளில் இருப்பதோ, ஊரில் நரிக்குறவர் தோளில் நான் பார்த்த நாட்டுத் துப்பாக்கிக்கு ஒன்றுவிட்ட அண்ணன்!

சுடுவதைவிட என்னை நிறுத்தி வைத்தது ஒரு பெரியவரின் மேசை. அச்சில் வார்த்த ஈயக் குண்டுகள் வரிசையாக நின்றன. ஒன்றை எடுத்து மெழுகு தடவி, எஃகு அச்சுத் துளையின் வாயில் வைத்துக் கைப்பிடியை அழுத்தினார். இடியாப்ப உரலில் மாவு இறங்குவதுபோல் வழுக்கி இறங்கியது. எல்லாக் குண்டுகளையும் ஒரே பருமனுக்குக் கொண்டுவரத்தான் அந்தத் துளை. சில குண்டுகளின் இடுப்பைச் சுற்றிப் புதுப் பளபளப்பு. சிலவற்றில் ஒரு பக்கம் மட்டும். "அது வட்டமாக வார்க்கப்படவில்லை, பாருங்கள்" என்றார்.

ஒரே அச்சில் வார்த்தது ஒன்றுபோல இருக்காதா? அளவுமானியை என் கையிலேயே கொடுத்தார். இரண்டு குண்டுகளுக்குள் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு வித்தியாசம். தலைமுடியை விட மெல்லியது! ஈயத்தின் சூடு மாறினாலோ, அச்சு முழுக்க மூடாமல் போனாலோ இது வந்துவிடுமாம். குண்டு தளர்ந்திருந்தால் வெடிப்புகை அதை முந்திக்கொண்டு ஓடும்; குழலின் சுருள் காடிகள் அதைப் பிடித்துச் சுழற்றா. இறுகியிருந்தால், கோலால் இடித்து இறக்கும்போதே மூக்கு நசுங்கும். அரை அங்குலம் என்று பொறித்த இரு குழல்கள்கூட உள்ளே ஒத்திருப்பதில்லை. அதனால் முதலில் தன் குழலை அளந்து, பிறகே அதற்கேற்ற துளை செய்வித்திருக்கிறார்.

பிறகு சுட்டார். ஐம்பது கெஜத்தில் அட்டை. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மருந்து, இடையில் குழலுக்குத் துணியால் ஒரு துடைப்பு. துளையில் இறக்காத ஐந்து குண்டுகள் சாப்பாட்டுத் தட்டளவுக்குச் சிதறின. துளையில் இறக்கிய ஐந்தும் என் உள்ளங்கைக்குள் அடங்கின. கோல் இறங்கிய ஓசைகூட ஐந்துக்கும் ஒன்றே. நான் கைதட்டினேன், அவர் அடுத்த குண்டுக்கு மெழுகு தடவத் தொடங்கிவிட்டார்.

செப்டம்பரில் அந்தப் பக்கம் போக வாய்த்தால் பனி விலகுமுன் போய்விடுங்கள். காதுக்கு அடைப்பு எடுத்துச் செல்லுங்கள். சுடும் வரிசைக்குப் போவதற்கு முன் ஈயம் அளக்கும் மேசை ஒன்றின் அருகே கொஞ்ச நேரம் நில்லுங்கள்.