இரண்டாவது சாவி

பொங்கல் லீவில் மற்ற நாட்களுக்கெல்லாம் இருபத்துநாலு மணி நேரம். சென்னைக்குக் கிளம்புகிற கடைசி நாளுக்கு மட்டும் அதில் பாதிதான். சந்தேகமிருந்தால் திருநெல்வேலிப் பக்கத்து ஆள் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

காலையில் தாமிரபரணியில் ஒரு முங்கு. தலை துவட்டுவதற்குள் அம்மா கார் டிக்கியை நிரப்ப ஆரம்பித்துவிட்டாள். அரிசி, தேங்காய், கருப்பட்டி, பனங்கிழங்குக் கட்டு...

"சென்னையில இதெல்லாம் கிடைக்கும்மா."

"கிடைக்கும். காசு குடுக்கணும்லா?"

பெட்ரோல் கணக்கைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்பா இதிலெல்லாம் தலையிட மாட்டார். டயரைக் காலால் ஒரு தட்டு தட்டி, "காத்து பாத்தியா?" என்பார். வழியனுப்பு விழா அத்தோடு முடிந்தது. இந்த வருஷம் மட்டும் மடியிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். பளபளவென்று புது சாவி.

"வாசக் கதவுக்கு. ஒண்ணு உங்கிட்டயும் கெடக்கட்டும்."

"எதுக்குப்பா? நீங்கதான் வீட்டுலயே இருக்கீங்களே?"

"சும்மா இருக்கட்டும்ல. பைய ஓட்டிட்டுப் போ."

அம்மா குனிந்து தேங்காயை மறுபடி எண்ண ஆரம்பித்தாள்.

சென்னை சுமார் 620 கிலோ மீட்டர். கோவில்பட்டியில் ஆபீஸுக்குக் கடலைமிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கின மிட்டாய். அது இல்லாமல் போனால் செக்‌ஷனில் சேர்க்க மாட்டார்கள். அப்புறம் மதுரை, திருச்சி, விழுப்புரம். ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரியில் கட்டாயமான பிறகு டோல்கேட்டில் சில்லறை தேடுகிற வேலை இல்லை. ஆனாலும் பழக்கதோஷம், கை பாக்கெட்டுக்குள் போகிறது. ஒவ்வொரு டோல்கேட்டிலும் அந்தச் சாவிதான் தட்டுப்பட்டது.

முதல் இண்டர்வியூவுக்கு இதே ரோட்டில் ராத்திரி பஸ்ஸில் வந்தேன். கூட அப்பா. நான் நன்றாகத் தூங்கினேன். அவர் என் சர்ட்டிஃபிகேட் பையை மடியில் வைத்துக்கொண்டு கோயம்பேடு வரை முழித்திருந்தார். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் கடைசியில்தான் திறந்தது. அன்றைக்கு அந்த இடத்தை இருட்டில் தாண்டியிருப்போம்.

செங்கல்பட்டைத் தாண்டியதும் டிராஃபிக். தென்மாவட்டமே ஒரே நாளில் திரும்புகிற கூட்டம். நகராத காருக்குள் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அந்த வீட்டுக் கதவை நான் இதுவரைக்கும் தட்டித்தான் பழக்கம். எந்த நேரமானாலும் உள்ளேயிருந்து யாராவது வந்து திறப்பார்கள். திறக்க ஆள் இல்லாத ஒரு நாளையும் அப்பா யோசித்து வைத்துவிட்டார். அதற்காக டவுனுக்குப் போய் சாவி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

மறுநாள் ஆபீஸில் கடலைமிட்டாயோடு ஒரு லீவ் லெட்டரையும் நீட்டினேன். பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயில்.

"இப்பத்தானே சார் ஊருக்குப் போயிட்டு வந்தீங்க?" என்றார் மேனேஜர்.

உண்மைதான். ஆனால் சாவி பீரோவிலேயே கிடக்கட்டும். நான் போய்க் கதவைத் தட்டணும்.