முள்ளுக்கு அடியில்

பாலைக்குத் தொல்காப்பியம் நிலம் கொடுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் காரணம் சொன்னது. சௌகரியமான விளக்கம்தான். ஆனால் வறண்ட நிலம் வேறு ஏதோ ஒரு நிலத்தின் சீரழிவு என்ற எண்ணமும் இதனூடே நமக்குள் இறங்கிவிட்டது என்று தோன்றுகிறது. ரெவின்யூ கணக்கில் 'தரிசு' என்று எழுதுகிறவருக்கும் அந்த எண்ணம்தான். அப்பா இறந்தபின் 2011இல் என் பங்குக்கு வந்த மூன்று ஏக்கர் மேட்டுக்காட்டைப் பார்த்தபோது எனக்கும் அதே எண்ணம்தான்.

காடு இருப்பது ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில். கிழக்கே கொல்லிமலை தெரியும். மேலே ஒரு சாண் செம்மண், சரளை. கீழே சுக்கான் பாறை. புரட்டாசி, ஐப்பசியில் விழும் மழை மார்கழிக்குள் மண்ணை விட்டுப் போய்விடும். அப்பா காலத்திலிருந்து ஆடு மேய்ந்த இடம். ஊசிப்புல், ஆவாரை, எருக்கு, கொழிஞ்சி. இடையிடையே சங்கஞ்செடி, சூரைமுள் புதர்கள். ஒரு மூலையில் வேலிகாத்தான். எனக்கு எல்லாமே முள். ஒரு பொக்லைன் வைத்து ஒன்றரை நாளில் சுத்தம் செய்தேன். குழி எடுத்து நாற்பது வேப்பங்கன்று வைத்தேன். நிலத்துக்கு ஒரு நல்லது செய்த திருப்தி இருந்தது. அடுத்த சித்திரைக்குள் ஆடு கடித்ததும் வெயில் தின்றதும் போக ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பக்கத்துக் காட்டில் ஆடு மேய்க்கும் கிழவி ஒருநாள் கேட்டாள்: "ஏஞ்சாமி, முள்ளத் தோண்டிப் போட்டுட்டு வேப்பங்கன்னு வெச்சா நிக்குமுங்களா? முள்ளு இருந்தா அதுவா வந்திருக்குமுங்களே."

"எங்க ஆயா வரும்?"

பதில் சொல்லாமல் அவர்கள் வேலியோரம் கூட்டிப் போனாள். ஒரு சங்கஞ்செடிப் புதரைக் கோலால் விலக்கிக் காட்டினாள். உள்ளே இடுப்புயரத்துக்கு ஒரு வேம்பு, மெலிந்து, வெளிச்சத்தைத் தேடி வளைந்து நின்றது. யாரும் வைத்ததல்ல. ஆனி, ஆடியில் வேப்பம்பழம் தின்ற மைனாவோ சின்னானோ புதர்மேல் உட்கார்ந்து போட்ட விதை. புதரடியில் மண் வெளியைப் போலக் கொதிப்பதில்லை. உதிர்ந்த இலை மக்கிக் கொஞ்சம் உரம். முள்ளுக்குப் பயந்து ஆடு வாய் வைக்காது. பத்து வருஷத்தில் வேம்பு தலைக்கு மேலே போய்விடும். அப்புறம் அதன் நிழலிலேயே அந்தப் புதர் நலிந்து போவதும் உண்டு.

பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். செடிகளின் கூட்டம் ஓர் உயிர் போன்றது, பிறந்து வளர்ந்து முதிர்கிறது என்றார் கிளெமென்ட்ஸ், 1916இல். அப்படி ஓர் உயிர் கிடையாது, ஒவ்வொரு செடியும் தன் பாட்டுக்கு வந்து, பிழைக்க முடிந்த இடத்தில் நிற்கிறது, பக்கத்தில் நிற்பது தற்செயல் என்றார் கிளீசன், 1926இல். மரபு பற்றி நாம் அடிக்கும் சண்டை போலவே இருக்கிறது. 1994இல் பெர்ட்னெஸ், கேலவே இருவரும் வேறொன்று சொன்னார்கள்: வளமான இடத்தில் செடிகள் பெரும்பாலும் போட்டியிடுகின்றன, வாழ்க்கை கடினமாக ஆக, ஒன்றையொன்று தாங்குவது கூடுகிறது. வறட்சியின் கடைசி எல்லையில் தண்ணீருக்கான போட்டி திரும்ப வந்துவிடுகிறது என்ற மறுப்பும் உண்டு. அரிசோனா பாலையில் சாகுவாரோக் கள்ளியின் கன்று வேறு மரத்தின் நிழலில்தான் பெரும்பாலும் பிழைக்கிறதாம். இதையெல்லாம் கிழவி கோலால் காட்டிவிட்டாள்.

உவமைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. செடிகள் நமக்காக எதையும் சொல்வதில்லை. இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சேலத்திலிருந்து 1968இல் 'நடை' வந்து, 1970இல் நின்றது. அதற்கு எவ்வளவோ வருஷங்களுக்குப் பின் நாங்கள் சிலர் ஒரு பத்திரிகை நடத்தினோம். ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் கூடுவோம். அவர் மோசமான கவிதைகள் எழுதுவார். காகிதச் செலவில் பாதி அவருடையது. புரூப் எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு அலைந்ததும் அவர்தான். ஓர் இதழில் நான் அவர் கவிதைகளைப் பெயர் சொல்லாமல், ஆனால் எல்லோருக்கும் தெரியும்படி, கிழித்து எழுதினேன். தரம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். அவர் வருவதை நிறுத்தினார். திண்ணை போயிற்று. அவரை ஒட்டி வந்துகொண்டிருந்த இரண்டு இளைஞர்களும் வரவில்லை. அவர்களில் ஒருவன் எழுதத் தெரிந்தவன். அதற்கடுத்த இதழோடு பத்திரிகை நின்றது.

அந்தக் கவிதைகள் மோசமானவை என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. முள்ளை முள் என்றுதான் சொல்ல வேண்டும். அதன் அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை என்பதுதான் என்மேல் எனக்குள்ள குறை.

எல்லா முள்ளும் தாதி என்று இதைத் திருப்பிவிடவும் கூடாது. நான் சுத்தம் செய்த நிலத்தில் முதலில் வந்து முழுவதும் பரவியது வேலிகாத்தான். அதன் நெற்றை ஆடு தின்று, விதையைப் புழுக்கையோடு போட்டது. அடர்ந்துவிட்டால் அதன் அடியில் புல்கூடச் சரியாக வருவதில்லை. சங்கஞ்செடியையும் அதையும் ஒரே பொக்லைனில் எடுத்தேன். ஒன்று மட்டும் திரும்பி வந்தது. கொழிஞ்சியும் போயிற்று, வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்துக்கொண்டிருந்த செடி அது.

இப்போது ஆள் வைத்து வேலிகாத்தானை மட்டும் வேரோடு எடுக்கிறேன். மெதுவான வேலை, செலவும் அதிகம். கன்று எதுவும் வைக்கவில்லை. வடக்கு வரப்பில் பொக்லைன் எட்டாமல் விட்ட இரண்டு சங்கஞ்செடிகள் அகன்றிருக்கின்றன. போன ஐப்பசி மழைக்குப் பின் ஒன்றுக்குள் வேப்பிலை தெரிந்தது. காட்டலாம் என்றால் கிழவி இல்லை.

அந்த நண்பர் எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியும். இன்னும் எழுதவில்லை.