இயற்பியல் பயில விரும்பும் மகள்

அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தில் தொழிற்சாலைகளை நம்பி வாழும் குடும்பங்களுள் எங்களதும் ஒன்று. பத்தாம் வகுப்பு முடித்த எங்கள் மகள், பின்னாளில் இயற்பியல் பட்டம் பெற விழைகிறாள். "அதற்கு என்ன வேலை கிடைக்கும்?" என்று உற்றார் வினவினர். எங்களுக்கும் அதே கவலைதான். விசாரித்து அறிந்ததைப் பகிர்கின்றோம்.

மூன்றாண்டு இளநிலைப் படிப்பில் இயக்கவியல், வெப்பம், ஒளி, மின்சாரம், அணு அனைத்தையும் மாணவர் கற்றாக வேண்டும். செய்முறைத் தேர்வும் உண்டு. பல கல்லூரிகளில் கணிதமும் வேதியியலும் துணைப்பாடங்கள். வானியற்பியல், திண்மநிலை இயற்பியல் போன்ற தனித்துறைகள் பெரும்பாலும் முதுநிலையில்தான் விரிகின்றன. ஆகவே துறையை இன்றே தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஆனால், பதினோராம் வகுப்பில் கணிதத்தைக் கைவிட்டால் பல கல்லூரிகளின் வாயில் அடைபட்டுவிடும்.

விஞ்ஞானி சந்திரசேகர் விரும்பியது கணிதம். தந்தையாரின் எண்ணப்படி சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றது இயற்பியல். 1930-இல் பட்டம் பெற்று இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர், வழியிலேயே விண்மீன்களின் இறுதி நிலையைக் கணக்கிட்டார். அவ்விரு கல்வியும் அங்கே கைகொடுத்தன. 1983-இல் நோபல் பரிசு பெற்றார்.

மகளைக் கணிதப் பிரிவில் சேர்த்துள்ளோம். கவலை முற்றும் தீரவில்லை. ஆயினும், அவளுடைய ஆர்வத்திற்கு அணையிட எங்களுக்கு மனமில்லை.