பெயர் தெரியாத சிறுவன்



இங்கிலாந்தின் நோரிச் கோட்டை அருங்காட்சியகத்தில் ‘பாஸ்டன் செல்வம்’ என்றோர் ஓவியம் உள்ளது. ஏறக்குறைய 1663-இல் வரையப்பட்டது. பாஸ்டன் என்னும் செல்வக் குடும்பத்தார் சேர்த்த கடற்சங்கு ஓட்டுக் கிண்ணங்கள், இசைக்கருவிகள், பூகோள உருண்டை, மணற்கடிகாரம் எனப் பல அரும்பொருள்கள் அதில் குவிந்து கிடக்கின்றன.

அதன் படத்தை ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் காட்டி, பொருள்களைப் பட்டியலிடப் பணித்தேன். ஒரு மாணவி எழுந்து, “ஐயா, தோளில் குரங்கோடு நிற்கும் அந்தக் கறுப்பினச் சிறுவனின் பெயர் என்ன?” என்று வினவினாள்.

அவன் பெயரை எவரும் அறியார். கைமாறிச் சிதறிய பொருள்களுள் சிலவற்றைக்கூடத் தேடி எடுத்து, 2018-இல் அவ்வோவியத்தோடு சேர்த்துக் காட்சிக்கு வைத்தனர். அவன் பெயர் மட்டும் கிட்டவில்லை.

நற்கேள்வி கேட்டவளைப் பெயர் சொல்லிப் பாராட்ட வாயெடுத்தேன். பெயர் நினைவுக்கு வரவில்லை. அவள் பள்ளி மாறி வந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. வகுப்பு அலமாரியில் உள்ள பயிற்றுத் துணைப்பொருள்களின் பட்டியலோ எனக்கு மனப்பாடம்!

நாணித் தலைகுனிந்தேன், அவளிடமே பெயரைக் கேட்டறிந்தேன். மறுநாள் முதல் வருகைப் பதிவேட்டை ஒவ்வொரு முகமாகப் பார்த்தே வாசிக்கிறேன்.