வேர் பார்க்கும் கணக்கு

மண்ணில் செலினியம் எவ்வளவு என்று கேட்டு வருகிறவர்களிடம் ஒரே ஒரு எண்ணைக் கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. மொத்த அளவு ஒன்றாகவே இருக்கும் இரண்டு வயல்களில் ஒன்றின் கோதுமை வைக்கோல் மாட்டுக்கு ஆகாது, மற்றதில் ஒரு குறையும் இராது. செலினியம் எந்த உருவில் இருக்கிறது என்பதுதான் சங்கதி.

பஞ்சாபில் நவன்ஷஹர், ஹோஷியார்பூர் பக்கம் சிவாலிக் குன்றுகளிலிருந்து இறங்கும் மழைக்கால ஓடைகள் வண்டலோடு செலினியத்தையும் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. காரத்தன்மையுள்ள, காற்றோட்டமான மண்ணில் அது செலினேட்டாக, தண்ணீரோடு நகரும் நிலையில் இருக்கும். சல்ஃபேட்டுக்கும் அதற்கும் வேருக்கு வித்தியாசம் தெரியாது. கந்தகச் சத்து நுழையும் வாசலிலேயே அதையும் உள்ளே விடும். உள்ளே போனதும் புரதத்தில் கந்தகம் உட்காரவேண்டிய இடத்தில் செலினியம் உட்கார்ந்துவிடும். அளவு மீறினால் கோதுமை இலை பச்சை போய் வெள்ளைவெளேரென்று ஆகும். அந்தப் பகுதியில் மாடுகளுக்குக் குளம்பு கழன்றதும், மனிதர்களுக்கு முடியும் நகமும் உதிர்ந்ததும் பதிவாகியிருக்கின்றன.

கடுகு இன்னும் கூடுதலாக எடுக்கும், கந்தகப் பசி அதிகமுள்ள பயிர் அல்லவா! ஜிப்சம் போடச் சொல்வதும் இதனால்தான். அது தரும் சல்ஃபேட் பெருகினால் வாசலில் நெரிசல், செலினேட் உள்ளே போவது குறையும்.

நெல்லுக்குத் தண்ணீர் கட்டினால் கணக்கு மாறும். மண்ணில் ஆக்சிஜன் குறையக் குறைய செலினேட் செலினைட்டாக ஒடுங்கும். அது மண்ணோடு இறுக ஒட்டிக்கொள்ளும். நெல்லின் வேருக்குள் அது புகுவது பாஸ்பேட்டும் சிலிக்காவும் போகும் வழிகளில்.

பயிர் மாதிரியை உலையில் சாம்பலாக்கி அளப்பவர்களை நான் நம்புவதில்லை. செலினியம் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். குறைந்த சூட்டில் உலர்த்தி, அமிலத்தில் செரித்துத்தான் அளக்க வேண்டும். உயிருள்ள செடியே அதைக் கொஞ்சம் வாயுவாக விடுவதுண்டு. பூண்டு வாடை அடிக்கும்.

பின்லாந்தில் பிரச்சினை பஞ்சாபுக்கு நேர்மாறு: அமில மண், செலினியம் போதாத தானியம். பயிருக்கு அது தேவை என்று இன்னும் நிறுவப்படவில்லை, தேவை மனிதருக்கும் மாட்டுக்கும். ஆகவே 1985-இல் உரத்திலேயே சோடியம் செலினேட்டைக் கலக்கத் தொடங்கினார்கள். தானியப் பயிர் உரத்தில் கிலோவுக்கு 16 மில்லிகிராம். 1990-இல் 6 ஆகக் குறைத்து, 1998-இல் 10 ஆக உயர்த்தினார்கள். செலினைட்டைக் கலந்திருந்தால் பெரும்பகுதியை மண்ணே பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். செலினேட்டிலும் பயிர் எடுத்தது போக மிஞ்சுவது மண்ணில் கட்டுண்டுபோவதால், உரத்தோடு ஆண்டுதோறும் புதிதாகப் போடுகிறார்கள்.